பிடிபடாதவனின் அண்ணன்

டுவெய்ன் குபிட்ஸைப் பிடிக்கவில்லை என்பதுதான் ஆல்டர் கவுண்டி ஷெரீஃப் அலுவலகத்தின் ஆகப் பெரிய சாதனை. பிடித்தவர்களை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? குடித்துவிட்டு வண்டி ஓட்டியவன், வேட்டைப் பருவம் தொடங்குமுன் மானைச் சுட்டவன், பக்கத்து வீட்டுக்காரனின் பனி தள்ளும் இயந்திரத்தைக் கிளப்பிக்கொண்டு போனவன் என்று ஆண்டு முழுவதும் யாரையாவது பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதற்காக மாநிலத் தலைநகரிலிருந்து யாரும் கேமராவைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. டுவெய்னுக்காக வந்தார்கள். நியூயார்க்கிலிருந்துகூட ஒரு முறை வந்து, உள்ளூர் சீஸைத் தின்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

ஒரு நவம்பரில், மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தின வாரம், டுவெய்ன் தன் மனைவி மார்லாவையும், பெத்தனி, கோரி என்ற இரண்டு பிள்ளைகளையும் கொன்றுவிட்டுக் காணாமல் போனான். ஏன் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவனுடைய பிக்கப் வண்டி மின்னசோட்டாவில் ஒரு பேருந்து நிலையத்து வாசலில் நின்றிருந்தது. அதற்குமேல் ஒரு தகவலும் இல்லை.

தகவல் இல்லாவிட்டால் என்ன, துறை என்று ஒன்று இருக்கிறதே. ஷெரீஃப் ஹாக்ஸ்டாட் உடனே தலைமறைவுப் பிரிவு என்று ஒன்றைத் தொடங்கினார். அதற்குத் தனி ஜீப், முதுகில் எழுத்துப் பொறித்த தனி மேற்சட்டை, தனிக் காபி இயந்திரம் எல்லாம் மத்திய அரசின் நிதியில் வந்தன. தேடப்படுபவன் மீன் பிடிப்பதில் பிரியம் உள்ளவன் என்பதால் ஒரு படகும் வந்தது. ஒவ்வொரு கோடையிலும் பிரிவினர் அந்தப் படகில் ஏரிக்குப் போய், சந்தேகம் வராமல் இருக்கத் தூண்டிலும் போட்டு, நாள் முழுவதும் கண்ணும் கருத்துமாகத் தேடினார்கள். டுவெய்ன் கிடைக்கவில்லை. மற்றபடி ஏரி அவர்களை வெறுங்கையோடு அனுப்பியதில்லை.

ஷெரீஃப் பதவிக்கு எங்கள் ஊரில் தேர்தல் உண்டு. ஹாக்ஸ்டாட் ஒவ்வொரு தேர்தலிலும் ஒரே வாக்குறுதியைக் கொடுத்து ஒரே மாதிரி ஜெயித்தார். "அவனைப் பிடிக்காம நான் ஓயமாட்டேன்" என்பார். பிடிக்காததால் அவர் ஓய்வு பெறவும் இல்லை.

டுவெய்னுக்கு ஓர் அண்ணன் இருந்தார். வெர்ன் குபிட்ஸ், சீஸ் ஆலையில் தயிர்க்கட்டி வெட்டும் தொட்டியில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளாதவர். தம்பியின் பிள்ளைகள்தான் அவருக்குப் பிள்ளைகள். கோரிக்கு ஞானத் தகப்பனும் அவர்தான். அந்த ஆண்டு ஏரி உறைந்ததும் பனிக்கட்டியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கக் கூட்டிப்போவதாக இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்திருந்தார். ஏரி உறைவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கம் நடந்த அன்று வெர்ன் தேவாலயத்தில் இல்லை. ஷெரீஃப் அலுவலகத்தில், ஜன்னல் இல்லாத அறையில், "உங்க தம்பி எங்கே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். தெரியாது என்றார். "நல்லா யோசிங்க" என்றார்கள். அவர் யோசித்து முடிப்பதற்குள் மூன்று பெட்டிகளையும் இறக்கி மண்ணைத் தள்ளிவிட்டார்கள். அந்தக் கல்லறையின் முன்னால் ஒரு தடவை நிற்க வேண்டும், பிள்ளைகளிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு அதற்குப் பிறகு வாழ்க்கையில் இருந்த ஆசை. மனிதனுக்கு இதைவிடச் சின்ன ஆசை இருக்க முடியாது. அதனால்தானோ என்னவோ அது அரசாங்கத்தின் கண்ணில் பெரிதாகப் பட்டது.

முதல் ஆண்டுகளில் அவருக்கே போகத் தைரியம் வரவில்லை. தைரியம் வந்த நேரத்தில் மிஸ் பெல்டியர் வந்துவிட்டார்.

மிஸ் பெல்டியர் களிமண்ணில் தலை செய்கிறவர். காணாமல் போனவன் இன்றைக்கு எப்படி இருப்பான் என்று கணித்து உருவாக்குவது அவருடைய கலை. அதற்கு உடன்பிறந்தவர்களின் முகம் வேண்டும். "குடும்ப முகம் ஒரே திசையிலதான் போகும்" என்று சொல்லி, வெர்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். தம்பியைப் பிடிக்க உதவும் என்று வெர்னும் அசையாமல் உட்கார்ந்தார்.

"ஒண்ணு சொல்லணும் மேடம்," என்றார் மத்தியானம். "டுவெய்னுக்கு அப்பவே முன்தலை வழுக்கை. எனக்கு முடி இருக்கு."

"வழுக்கை விழுந்தவன் விக் வச்சிருக்க மாட்டானா?"

"அவன் மூக்கு கொஞ்சம் சப்பை."

"மூக்கு வளரும் மிஸ்டர் குபிட்ஸ். சாகுற வரைக்கும் வளரும்."

"சரி, என் புருவத்துல இருக்கிற இந்தத் தழும்பு தொட்டி மூடி விழுந்து வந்தது. அவனுக்குத் தழும்பே கிடையாது."

மிஸ் பெல்டியர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "இத்தனை வருஷம் ஒளிஞ்சு திரியுறவனுக்கு ஒரு தழும்புகூடவா இருக்காது? முகத்துக்கு ஒரு வாழ்க்கை வேணும் இல்லையா?" என்று கேட்டுவிட்டு, அந்தத் தழும்பை மிகுந்த அக்கறையோடு களிமண்ணில் கீறினார்.

திறப்பு விழா நீதிமன்றப் படிக்கட்டில் நடந்தது. பள்ளி இசைக்குழு வாசித்தது. ஷெரீஃப் வெல்வெட் துணியை இழுத்தார். கூட்டம் கைதட்டியது, பிறகு மெல்ல நின்றது. மேடையின் ஓரத்தில் குடும்பத்தார் என்ற முறையில் நாற்காலி போட்டு உட்கார வைக்கப்பட்டிருந்த வெர்னை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதே முடி, அதே மூக்கு, அதே தழும்பு.

"அங்க உக்காந்திருக்கான்!" என்று ஒரு பெண் கத்தினாள்.

ஷெரீஃபின் காவலர்களான டெபுடிகள் இரண்டு பேர் பாய்ந்தார்கள். அவர்களைக் குறை சொல்லக் கூடாது. படத்தில் இருப்பவனைக் கண்டால் பாய வேண்டும் என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த பயிற்சி. படம் யாரைப் பார்த்துச் செய்யப்பட்டது என்பது பயிற்சியில் இல்லை. மறுநாள் செய்தித்தாளில் ஷெரீஃபின் பேட்டி வந்தது. "சிலை எவ்வளவு துல்லியமா இருக்குங்கறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்? துணியை எடுத்த அரை நிமிஷத்துல ஒரு கைது!"

அந்தத் தலையின் படம் போஸ்டராகி ஊரெங்கும் ஏறியது. அன்றிலிருந்து வெர்னின் வாழ்க்கை அந்தத் தலையிடம் போய்விட்டது. மளிகைக் கடையில் பால் வாங்க நின்றால் பின்னால் யாராவது மெதுவாக போனை எடுப்பார்கள். வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு சப்பர் கிளப் என்ற ஊர் உணவகத்துக்குப் போனால் அவர் மேசைக்கு மீன் வருமுன் ஜீப் வந்துவிடும். கைரேகை எடுப்பார்கள், ரேகை தலைநகருக்குப் போகும், "இவர் அவர் அல்ல" என்று மறுநாள் பதில் வரும். போகும்போது மன்னிப்புக் கேட்டு ஒரு டோனட் தருவார்கள். இந்த வகையில் வெர்னுக்கு சர்க்கரை வியாதியும் வந்தது. ஆலையில் மட்டும்தான் நிம்மதி. அங்கே எல்லோருக்கும் தலைமுடிக்கு வலை, முகத்துக்கு முகமூடி.

மீசையை எடுத்துப் பார்த்தார். மூன்றாம் வாரம் மிஸ் பெல்டியர் அனுப்பிய திருத்திய படம் வந்தது, அதில் மீசை இல்லை. தாடி வளர்த்தார். தாடியோடு ஒரு படம் வந்தது. சர்க்கரையால் உடம்பு இளைத்தது. "தலைமறைவு வாழ்க்கை அவனை உருக்கியிருக்கும்" என்று கன்னம் ஒட்டிய படம் வந்தது. உண்மையான டுவெய்ன் தலைகீழாக நின்றாலும் அந்தப் படங்களோடு போட்டி போட்டிருக்க முடியாது.

பொறுத்துப் பார்த்துவிட்டு, பொதுமக்கள் தகவல் சொல்லும் எண்ணுக்கு வெர்னே போன் செய்தார்.

"படத்துல இருக்கிற ஆளைப் பத்திச் சொல்லணும்மா."

"சொல்லுங்க சார். எங்க பார்த்தீங்க?" என்றாள் அந்தப் பக்கம் இருந்த பெண்.

"கண்ணாடியில."

"எந்தக் கடைக் கண்ணாடி சார்?"

"என் வீட்டுக் குளியலறைக் கண்ணாடிம்மா. அது நான்தான்னு சொல்றேன்."

அவள் அவரை லைனிலேயே இருக்கச் சொன்னாள். குரலில் ஒரு நடுக்கம் இருந்தது. அவர் இருந்தார். பத்து நிமிடத்தில் வீட்டைச் சுற்றி இரண்டு ஜீப்புகள் நின்றன. குற்றவாளி தானாகவே போன் செய்து ஒப்புக்கொண்டதாகவும், பின்னர் கைரேகையில் மறுத்துவிட்டதாகவும் பதிவானது.

இதெல்லாம் போகட்டும் என்று விட்டுவிடலாம். மனிதன் மீன் வறுவல் இல்லாமலும் வாழலாம். கல்லறை விஷயத்தில்தான் வெர்னால் விட முடியவில்லை.

ஷெரீஃப் ஒரு தடவை மில்வாக்கியில், சூதாட்டக் கூடத்தோடு சேர்ந்த ஒரு ஹோட்டலில் நடந்த பயிற்சி முகாமுக்குப் போயிருந்தார். இப்படிப்பட்டவர்கள் என்றைக்காவது ஒரு நாள் கல்லறைக்குத் திரும்பி வருவார்கள் என்று அங்கே பாடம் எடுத்தார்கள். முகாமில் அவர் காதில் விழுந்தது அது ஒன்றுதான் போலிருக்கிறது. வந்ததும் கல்லறைத் தோட்டத்தில் ஆள் போட்டார். பிறகு கேமராக் கம்பம் நட்டார். கேமராவுக்கு அந்தக் களிமண் தலையைக் காட்டிப் பழக்கினார்கள். அந்த முகம் வாசலுக்குள் வந்தால் அலுவலகத்தில் மணி அடிக்கும்.

கோரியின் பிறந்தநாள் மே மாதத்தில் வரும். ஒரு மே மாதம் வெர்ன் சட்டைப் பையில் ஒரு தூண்டில் மிதவையைப் போட்டுக்கொண்டு போனார். சிவப்பும் வெள்ளையுமாக, எல்லாக் கடையிலும் கிடைக்கிற சின்ன உருண்டை. கோரிக்கு அது தண்ணீருக்குள் முங்கும்போது வயிற்றில் கூச்சமாக இருக்கும், சிரித்துக்கொண்டே இருப்பான். வாசலிலிருந்து நான்கு வரிசை தாண்டியிருப்பார், அதற்குள் ஒரு தேவதைச் சிலைக்குப் பின்னாலிருந்து டெபுடி ஆர்னி வெளியே வந்தார். ஆர்னியும் வெர்னும் ஒரே பள்ளி, ஒரே பெஞ்சு.

"டேய் வெர்ன், நீதானா?"

"நான்தான்டா."

"எனக்குத் தெரியும்டா. கையைப் பின்னாடி வை."

"தெரியும்னா எதுக்குடா விலங்கு?"

ஆர்னி பெருமூச்சு விட்டார். "நீ வெர்னுங்கறது என்னோட அபிப்பிராயம். அபிப்பிராயத்தை வச்சு ஒருத்தனை விட முடியாது. பிடிக்க மட்டும்தான் முடியும்."

"அஞ்சு நிமிஷம் நின்னுட்டு வரேன் ஆர்னி. நீ கூடவே நில்லு. அப்புறம் பிடிச்சுக்கோ."

"மணி அடிச்சிடுச்சு. மணி அடிச்சா மூணு நிமிஷத்துக்குள்ள ஆள் வண்டியில இருக்கணும். பயிற்சியப்ப நாலு நிமிஷம் ஆச்சுன்னு எனக்கு மெமோ."

மிதவையை ஒரு பையில் போட்டு சீல் வைத்தார்கள். அடுத்த ஆண்டும் அப்படியே. அதற்கடுத்த ஆண்டும். வெர்ன் ஒவ்வொரு ஆண்டும் கொஞ்சம் வேகமாக நடந்து பார்த்தார், ஆர்னி ஒவ்வொரு ஆண்டும் கொஞ்சம் முன்னதாகவே சிலைக்குப் பின்னாலிருந்து வந்தார். பிறந்தநாளை விட்டுவிட்டு ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை போனார். மணிக்குக் கிழமை தெரியாது.

மிதவைகள் ஒரு கண்ணாடி ஜாடி நிறையச் சேர்ந்தபோது ஷெரீஃப் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டார்.

"இவை குற்றம் நடந்த குடும்பத்தோட கல்லறைக்குப் பக்கத்துல கைப்பற்றப்பட்டவை," என்று ஜாடியை உயர்த்திக் காட்டினார். "மேல சிவப்பு, கீழ வெள்ளை. இது ஒரு செய்தி. 'நான் மிதக்கிறேன், என்னை முங்க வைக்க முடியாது'ன்னு நமக்குச் சவால் விடுறான். பல்கலைக்கழகத்துல ஒரு பேராசிரியரை வச்சு ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்கோம்."

பின்வரிசையில் நின்ற வெர்ன் கையைத் தூக்கினார். "ஷெரீஃப், அதெல்லாம் என் பையிலேர்ந்து நீங்க எடுத்தது. கோரிக்குப் பிடிக்கும்னு நான் கொண்டுபோனது."

"அதையும் மறைக்கல," என்றார் ஷெரீஃப். "அண்ணன் வழியாத்தான் செய்தி அனுப்புறான். அண்ணனுக்கே தெரியாம."

பேட்டி முடிந்ததும் வெர்ன் அவரைத் தனியாகப் பிடித்தார். "ஷெரீஃப், உங்களுக்கு என்னை முப்பது வருஷமாத் தெரியும். ஆலையில உங்களுக்குத் தேர்தல் வசூல் பண்ணிக் கொடுத்தவன் நான். ஒரு நாள், ஒரே ஒரு நாள் அந்த மணியை நிறுத்தி வைங்க."

ஷெரீஃப் அவர் தோளில் கை போட்டார். நல்ல மனிதர்தான், அதுதான் சங்கடம். "ஒண்ணு யோசிச்சுப் பாருங்க வெர்ன். அவன் கில்லாடி. எங்க கண்ணுல மண்ணைத் தூவணும்னா யார் வேஷத்துல வருவான்? உங்க வேஷத்துலதான். உங்களை விட்டேன்னா அவனை விட்ட மாதிரி."

"அப்ப அவனைப் பிடிக்கிற வரைக்கும் நான் போக முடியாதா?"

"பிடிச்ச மறுநாளே நான் என் ஜீப்புலயே கூட்டிட்டுப் போறேன்."

"எப்பப் பிடிப்பீங்க?"

அந்தக் கேள்வியை இத்தனை ஆண்டுகளில் யாரும் கேட்டதில்லை போலும். ஷெரீஃப் தோளிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "மார்லாவோட குடும்பம் சம்மதிச்சா ஏதாவது பார்க்கலாம்" என்று சொல்லி நகர்ந்தார்.

மார்லாவின் குடும்பம் என்றால் ஜோலீன். அக்கா ஒருத்திதான் மிச்சம். வெர்ன் அவள் வீட்டுப் பக்கம் போனதே இல்லை, அவளும் வந்ததில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார். கதவு திறந்தது, அவள் முகம் வெளுத்தது, கதவு பாதிக்குமேல் மூடிக்கொண்டது.

"வெர்ன் நான். தப்பா எடுத்துக்காதே ஜோலீன்."

"தெரியும். குரல் தெரியுது. குரல் உங்களோடதுதான்." கதவுக்குப் பின்னால் அவள் மூச்சு வாங்கியது. "உங்க மேல எனக்குக் கோபமே கிடையாது வெர்ன். சத்தியமா இல்ல. ஆனா அந்த மூஞ்சியை என்னால பார்க்க முடியாது. நீங்க இப்படியே பேசுங்க."

அவர் அப்படியே, பெயின்ட் உரிந்த கதவைப் பார்த்தபடி, விஷயத்தைச் சொன்னார்.

"அவங்க போஸ்டரைப் பார்த்திருக்கீங்களா?" என்றாள் அவள். "மார்லா அதுல எங்க இருக்கா? பிள்ளைங்க எங்க? அவன் மூஞ்சிக்கு மட்டும் வருஷா வருஷம் வயசு ஏத்தி வயசு ஏத்திப் பார்க்கிறாங்க. பெத்தனிக்கு யாராவது வயசு ஏத்திப் பார்த்தாங்களா? இருந்திருந்தா இப்ப அவளுக்கே ஒரு குழந்தை இருக்கும்." கதவின் மேல் அவள் சாய்ந்தது கேட்டது. "கோரி கல்லுல மட்டும் ஒரு மீன் வெட்டச் சொன்னேன். அவனுக்குப் பிடிக்குமேன்னு. போங்க வெர்ன். போய்ப் பாருங்க. நான் சம்மதம்னு அவங்ககிட்ட சொல்லுங்க."

வெர்ன் தேவாலயத்துக்குப் போகிறவனைப் போலச் சுத்தமாக உடுத்திக்கொண்டு ஷெரீஃப் அலுவலகத்துக்குப் போனார்.

"ரொம்ப சந்தோஷம்," என்றார் ஷெரீஃப். "ஜோலீன் உங்களைப் பார்த்துச் சொன்னாங்களா, பார்க்காமச் சொன்னாங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். வெர்னுக்கு அது வராது. "கதவுக்குப் பின்னாடி நின்னு சொன்னா."

"அடடா!" ஷெரீஃப் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "அப்ப யாருக்கு அனுமதி கொடுத்தோம்னு அவங்களுக்கே தெரியாதே. வந்தது டுவெய்னா இருந்தா? கொன்னவனுக்கே சம்மதம் கொடுத்த மாதிரி ஆயிடும். அந்தப் பாவத்தை அவங்க தலையில நான் ஏத்த மாட்டேன்."

அன்று வெர்ன் டோனட் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்குப் போகிற வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தி அழுதார். அழுதுகொண்டிருந்தவரைப் பார்த்து யாரோ போன் செய்து, ஜீப் வந்தது.

அடுத்த ஆண்டு தேர்தல். எதிர்த்து நின்றவர் இளைஞர். "இத்தனை வருஷமா என்ன கிழிச்சீங்க?" என்று வீடுவீடாகக் கேட்டுக்கொண்டு போனார். ஹாக்ஸ்டாட் ஆடிப்போய்விட்டார். ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தைக் கூப்பிட்டு, கவுண்டியின் தயார்நிலையை நாட்டுக்கே காட்ட முடிவு செய்தார். டுவெய்ன் கல்லறைக்கு வந்தால் எப்படிப் பிடிப்போம் என்று நடித்துக் காட்டும் ஒத்திகை. டெபுடிகள், நாய், ஜீப் எல்லாம் தயார். டுவெய்னாக நடிக்க மட்டும் ஆள் வேண்டும். மிஸ் பெல்டியரின் படத்தோடு ஒத்துப்போகிற ஆள் கவுண்டியில் ஒருவர்தான்.

ஷெரீஃபே ஆலைக்கு வந்தார். தலைமுடி வலையும் முகமூடியுமாகத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று விஷயத்தைச் சொன்னார்.

"உள்ள போகலாமா?" என்றார் வெர்ன். வேறு எதுவும் அவர் காதில் விழவில்லை. "கல்லு வரைக்கும் போகலாமா?"

"கல்லு வரைக்கும் போகணும். மண்டி போடணும். அங்கதான் நாங்க பாய்வோம்."

"மணி?"

"மணி அடிக்கணும் வெர்ன். அதுக்குத்தானே இதெல்லாம்."

"ஒத்திகை முடிஞ்சப்புறம் நான் கொஞ்ச நேரம் தனியா இருக்கலாமா?"

"முடிஞ்சதும் வாசலைப் பூட்டணும். நிகழ்ச்சி ஒளிபரப்பானா ஊரே வந்து நிக்கும். அப்புறம் டுவெய்ன் கூட்டத்தோட கூட்டமா நுழைஞ்சுடுவான்."

வெர்ன் கையிலிருந்த வெட்டும் கம்பியைத் தொட்டியின் விளிம்பில் வைத்தார். "சரி, வரேன்" என்றார்.

சாட்சிப் பொருள்களிலிருந்து டுவெய்னின் கட்டம் போட்ட கம்பளி மேற்சட்டையை எடுத்து அவருக்குப் போட்டுவிட்டார்கள். தம்பியின் வாசம் அதில் இல்லை, பூச்சி உருண்டை வாசம்தான் இருந்தது. வாசலில் ஒரு கோடு கிழித்து, "இங்கிருந்து நடங்க" என்றாள் இயக்குநர் பெண்.

நடந்தார். மணி எங்கோ அடித்தது. ஒரு வரிசை, நான்கு வரிசை. தேவதைச் சிலைக்குப் பின்னால் ஆர்னியின் தொப்பி தெரிந்தது. இந்தத் தடவை ஆர்னி வெளியே வரவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக அவர் ஐந்தாவது வரிசைக்குள் போனார்.

மூன்று கற்கள். நடுவில் மார்லா. அவர் நினைத்திருந்ததைவிடச் சின்னவை. கேமராக் கம்பத்தின் சிமென்ட் அடித்தளம் பெத்தனியின் காலடியில் இறங்கியிருந்தது. புல் முழுவதும் பூட்ஸ் மிதித்து வழுக்கையாகிக் கிடந்தது. இத்தனை ஆண்டுகள் காவல் இருந்தவர்கள் மென்று துப்பிய சூரியகாந்தி விதைத் தோல்கள் கல்லைச் சுற்றிச் சிதறியிருந்தன. கோரியின் கல்லில் ஒரு மீன் இருந்தது, வாயைத் திறந்துகொண்டு. நன்றாகவே வெட்டியிருந்தார்கள்.

மண்டி போட்டார். விதைத் தோல்களைக் கையால் ஒதுக்கினார். அப்போதுதான் அவருக்குச் சுரீரென்றது. தான் எந்த முகத்தோடு, யாருடைய சட்டையோடு அந்தப் பிள்ளைகளின் முன்னால் வந்து நிற்கிறோம் என்று.

"பயப்படாதீங்க," என்றார்.

பாய்ந்தார்கள். ஆர்னியின் முழங்கால் முதுகில் ஏறியது, கன்னம் மண்ணில் பதிந்தது, விலங்கு பூட்டிய சத்தம் கேட்டது.

"கட்!" என்றாள் இயக்குநர். "நாய் கேமராவை மறைச்சிடுச்சு. மறுபடி."

விலங்கைக் கழற்றினார்கள். வெர்ன் எழுந்து வாசலுக்குப் போய்க் கோட்டில் நின்றார். மறுபடி நடந்தார், மறுபடி மண்டி போட்டார்.

"பயப்படாதீங்க. நான் அப்பா இல்ல..."

பாய்ந்தார்கள். இந்தத் தடவை ஷெரீஃபின் முகம் ஒளியில் சரியாக விழவில்லை. மூன்றாவது தடவை.

"பயப்படாதீங்க. நான் அப்பா இல்ல. பெரியப்பா. கோரி, பெரியப்பாடா..."

"அவர் என்னமோ பேசுறாரே," என்றாள் இயக்குநர். "குற்றவாளி பேசுவானா?"

"பேசட்டும், பேசட்டும்," என்றார் ஷெரீஃப். "மனசாட்சி உறுத்துது இல்லையா. நல்லாத்தான் இருக்கு."

நான்காவது தடவை ஏரியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அந்த வருஷம் ஏரி நன்றாக உறைந்ததையும், அவர் தனியாகப் போய் மூன்று ஓட்டைகள் போட்டதையும், மூன்று தூண்டிலையும் தானே பார்த்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்ததையும். மூன்றாவது ஓட்டைக்கு வருவதற்குள் ஆர்னி வந்துவிட்டார். ஆனால் கொஞ்சம் தாமதமாக வந்தார். பாய்வதற்குப் பதில் நடந்து வந்தார் என்றே சொல்ல வேண்டும். முழங்காலையும் மெதுவாகத்தான் வைத்தார்.

"இது போதும்," என்றாள் இயக்குநர். "எல்லாம் கிடைச்சிடுச்சு. கட்டுங்க சாமானை."

ஷெரீஃப் கைதட்டினார். டெபுடிகள் ஒருவரையொருவர் தோளில் தட்டிக்கொண்டார்கள். ஒருவர் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார். வெர்ன் இன்னும் மண்ணில்தான் கிடந்தார், கை பின்னால் கட்டியபடி, கண்ணுக்கு நேராக அந்த மீன்.

"மேடம்," என்று கூப்பிட்டார். வாயில் மண் இருந்தது, துப்பினார். "மேடம், நான் சரியா விழலைன்னு நினைக்கிறேன். இன்னொரு தடவை எடுக்கலாமா?"

இயக்குநர் வானத்தைப் பார்த்தாள். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது.

"நானும் சரியாப் பிடிக்கல," என்றார் ஆர்னி, யாரையும் பார்க்காமல்.

"பாருங்க!" என்றார் ஷெரீஃப், கேமராவின் பக்கம் பூரிப்போடு திரும்பி. "இதைத்தான் நான் பொதுமக்களோட ஒத்துழைப்புன்னு சொல்றது!"

விலங்கைக் கழற்றினார்கள். வெர்ன் முகத்தில் மண்ணைக்கூடத் துடைக்காமல், கோட்டை நோக்கி ஓடினார்.